ஐஸில் நிற்கும் தாங்கி

14.6.97, சனி

மேனேஜர் ஸ்ரீனிவாசன் சார் இன்று என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டார். ஏசிக்குள் போனால் எனக்கு முதலில் தும்மல் வரும், பிறகுதான் மரியாதை வரும். தும்மி முடிக்கும்வரை பொறுத்திருந்து, “சாதிக் பாய், நீங்க கடற்கரை ஊர்தானே?” என்றார்.

“கீழக்கரை சார்.”

“அப்போ மீன் பிடிக்கிற சமாசாரமெல்லாம் அத்துப்படி.”

“அத்துப்படி சார்” என்று வாய் சொல்லிவிட்டது. நான் என் வாயை வளர்த்திருக்கும் அழகு அது. எங்கள் வீட்டில் வாப்பா காலத்திலிருந்து குடை வியாபாரம். கடலில் நான் கணுக்கால்வரை நனைந்திருக்கிறேன், அதுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. மீனில் எனக்குத் தெரிந்தது முள் எடுப்பது மட்டும்தான்.

மேஜைமேல் ஒரு உடைந்த பிளாஸ்டிக் சாமான் இருந்தது. கனடாவில் குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகுமாம். ஆட்கள் அதன்மேல் நடந்துபோய், ஐஸில் துளை போட்டு, துளைக்குள் தூண்டிலை விட்டு உட்கார்ந்திருப்பார்களாம். தூண்டில் கம்பைக் கையிலேயே பிடித்திருந்தால் விரல் விறைத்துவிடும். அதனால் துளைக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியை நிறுத்தி, கம்பை அதில் சாய்த்து வைப்பார்கள். பிளாஸ்டிக் தாங்கி குளிரில் உடைகிறது, இரும்பில் வேண்டும் என்று துபாயில் இருக்கும் ஒரு கனடாக்காரர் கேட்டிருக்கிறார். சாம்பிள் பிடித்துப்போனால் பெரிய ஆர்டர். குளிர்காலத்துக்கு முன்னால் கப்பல் ஏற வேண்டும்.

“ஜன்னல் கிரில் அடிக்கிற கம்பெனிக்கு இது லாட்டரி பாய். சாம்பிள் பாஸ் ஆகட்டும். அர்பாப்கிட்ட பேசி உங்க விசாவை லேபர்லேர்ந்து சூப்பர்வைசரா மாத்திடறேன்.”

அர்பாப் என்றால் எங்கள் முதலாளி. விசா என்றால் என் உயிர். லேபர் விசாக்காரன் குடும்பத்தை இங்கே வைத்துக்கொள்ள முடியாது, சூப்பர்வைசர் வைத்துக்கொள்ளலாம். என் மனைவி ரஹீமாவும் மகள் அஃப்னாவும் விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் முடிகிறது.

வெளியே வந்து கிரைண்டரைத் தொட்டேன். சுட்டது. ஷார்ஜா தொழில்பேட்டையில், ஜூன் மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஐஸில் நிற்க ஒரு சாமான்! எங்கள் பட்டறையில் ஐஸ் என்று இருப்பது காலையில் தண்ணீர் டிரம்மில் போடும் கட்டி ஒன்றுதான். டீ பிரேக்குக்கு முன்பே அது காணாமல் போய்விடும்.

16.6.97, திங்கள்

தாங்கி வேலைக்கு மக்தூமை என்னோடு சேர்த்துக்கொண்டேன். ரஹீமாவின் தம்பி. அக்காவை லாத்தா என்பான். நான்தான் விசா எடுத்து இங்கே அழைத்துவந்தேன். பைப்புக்குள் மணலை அடைத்து, நசுங்காமல், பாம்பு மாதிரி வளைப்பான். அதைவிட நடிப்பில் கெட்டிக்காரன். அர்பாப் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நடப்பான். ஸ்ரீனிவாசன் சார் மூக்கால் கோபப்படுவதைப் படுவான். போன வாரம் வெயிலில் மயங்கி விழுந்தான். நான் பதறி ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் அடித்தேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, “இன்னும் கொஞ்சம் அடிங்க மச்சான், ஜில்லுன்னு இருக்கு” என்றான். பட்டறையே வேலையை விட்டுச் சிரித்தது. அதிகமாகச் சிரித்தது நான்.

ஊரில் அவனுக்குப் பெண் பேசி முடித்தாயிற்று. டிசம்பரில் நிக்காஹ்.

கனடா விஷயத்தைச் சொன்னதும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் குந்தி உட்கார்ந்து பல்லைக் கடகடவென்று ஆட்டினான். “மச்சான், வெள்ளைக்காரனுக்கு வீட்ல பொண்டாட்டி தொல்லை ஜாஸ்தி. இல்லேன்னா ஐஸ்ல போய் எவன் உட்காருவான்?”

20.6.97, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தேன். அஃப்னா, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பிள்ளையோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள்! என்னைக் கண்டதும் தமிழுக்கு இறங்கிவந்தாள். “வாப்பா, நான் இங்கே ஸ்கூல்ல சேருவேனா, மாட்டேனா? அத மட்டும் சொல்லுங்க.”

சேருவாய் என்றேன்.

“இன்ஷா அல்லான்னு சொல்லுங்க” என்றாள் ரஹீமா அடுப்படியிலிருந்து.

பதின்மூன்று வயதாகிறது என் மகளுக்கு. அவளைப் பொறுத்தவரை நான் லீவில் வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகும் ஆள். இப்போதுதான் என் குறட்டையைத் திட்டும் அளவுக்குப் பழகியிருக்கிறாள்.

24.6.97, செவ்வாய்

முதல் தாங்கி ரெடி. ஐஸில் அடித்து இறக்க அடியில் ஒரு நீளக் கூர். எனக்கே பெருமையாக இருந்தது. ஐஸ் கட்டி வாங்கிவந்து முற்றத்தில் வைத்து அடித்தோம். கட்டி இரண்டாகப் பிளந்தது.

இரண்டாவது கட்டியில் மெதுவாக இறக்கினோம், நின்றது. சாரைக் கூப்பிடப் போனேன். அவர் போன் பேசி முடித்து வருவதற்குள் தாங்கி ஈரத் தரையில் படுத்திருந்தது.

“பத்தாங்கிளாஸ் ஃபெயில்னு சொன்னீங்களே பாய், எதுல ஃபெயில்? மூளையிலயா?”

எல்லோருக்கும் முன்னால். நானும் சிரித்தேன். “அதுல பாஸ் சார், கணக்குலதான் ஃபெயில்” என்றேன். அவர் போனதும் அதே கேள்வியை அப்படியே மக்தூமிடம் கேட்டேன். அவனும் சிரித்தான்.

30.6.97, திங்கள்

மீன் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் ஒரு ஐஸ் கம்பெனியின் குளிர்கிடங்கில் சார் சொல்லிவைத்திருக்கிறார். தெரிந்தவர் மூலமாக, சும்மா, பேப்பர் கீப்பர் எதுவும் இல்லாமல். அங்கே ஐஸ் உருகாது.

இரண்டாவது தாங்கியைக் கொண்டுபோனோம். கூர் இல்லை, அடியில் அகலத் தகடு. கயிறு கட்டி மீன் மாதிரி இழுத்துப் பார்த்தேன். புதுப்பெண் ஊஞ்சலில் போவதுபோல வழுக்கிக்கொண்டே வந்தது. உள்ளே கொஞ்ச நேரம் நின்றதற்கே என் மீசை விறைத்துவிட்டது. சாயம் போட்ட மீசை. மக்தூம், “மச்சான், கலர் உதிருது” என்றான். சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சாரைச் சிரிக்கவைப்பது என் டியூட்டி.

3.7.97, வியாழன்

கனடாக்காரர் போனில் சொன்னாராம்: அங்கே தாங்கியின் காலைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் போதும், உறைந்து தானே பிடித்துக்கொள்ளும். காலில் சின்னச் சின்னப் பல் மட்டும் இருக்கட்டும். மேலே கம்பு உட்காரும் இடம் முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். மீன் கடித்தால் ஒரே தூக்கில் கம்பை எடுக்க வேண்டுமாம், கழற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காதாம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கடற்கரைக்காரன் ஒருவன் எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டதால் யாரும் கேட்கவில்லை.

8.7.97, செவ்வாய்

மூன்றாவது தாங்கி. மூன்று கால். மக்தூம் வளைத்த மேல் வளைவைப் பார்த்தால், பால்குடிப் பிள்ளையின் தலைக்கு உம்மா கையை வைத்த மாதிரி இருக்கிறது. நாளைக்கு டெஸ்ட். பாஸ் ஆகும் என்று மனசு சொல்கிறது.

9.7.97, புதன்

இன்று வேண்டாம்.

10.7.97, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் எனக்குச் சாதகமாக மறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் வேனில் போனோம். சார், நான், மக்தூம். வேனில் ஏசி இல்லை. இறங்கும்போது சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அப்படியே, ஆறக்கூட இல்லாமல், குளிர்கிடங்குக்குள் போனோம். உள்ளே மைனஸ் இருபது.

ஐஸ் கட்டிமேல் தாங்கியை நிறுத்தி, மக்தூம் மக்கிலிருந்து கால்களைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினான். கையும் நனைந்தது. வெல்டிங் கிளவுஸ் வேனில் கிடந்தது. எடுத்துட்டு வரட்டுமா என்று கேட்டான். கேட்டான், அதை நான் எழுதிவைக்க வேண்டும்.

“வேண்டாம்ப்பா. வெறுங்கையால பிடிச்சு இழுத்தாலும் அசையலேன்னு போட்டோல தெரியணும்” என்றார் சார். நான் என்ன சொன்னேன்? “இவன் கையில எது ஒட்டும் சார், சம்பளமே ஒட்டலே” என்றேன்.

ஒரு போட்டோ எடுத்தார். அதற்குள் சாருக்குக் குளிர் தாங்கவில்லை. “நன்னா உறையட்டும். நீ பிடிச்சு ஆட்டிப் பார்த்துண்டே இரு, இன்னொரு போட்டோ எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். எனக்கு வெளியே என்ன வேலை? ஒன்றும் இல்லை.

கதவு கனமான கதவு. உள்ளேயிருந்து வரும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும்.

“மச்சான்.”

பிறகு, “மச்சான், கை ஒட்டிக்கிச்சு.”

நான் சாரிடம் சொன்னேன், “ஆரம்பிச்சிட்டான் சார் நாடகத்தை. இப்ப அழுவான் பாருங்க.”

அழுதான். சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “என்ன ஆக்டிங் பாய்!” நான் கதவிடம் போய் வாயை வைத்து, “டேய், இன்னும் கொஞ்சம் சத்தமா. கனடாவுக்குக் கேக்க வேணாமா?” என்றேன். சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! நேற்று மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கதவில் ஏதோ வந்து மோதியது. செருப்பு. பிறகு இன்னொரு செருப்பு. அதற்கும் சிரித்தோம். பிறகு சத்தம் நின்றது. சத்தம் நின்றதும் சார் கொஞ்சம் யோசித்தார். எனக்கு அதுவும் வரவில்லை. “டயர்டு ஆயிட்டான் சார்” என்றேன்.

கதவைத் திறந்தது நாங்கள் இல்லை. மீன் பெட்டி எடுக்க வந்த ஃபோர்க்லிஃப்ட் மலையாளி.

கட்டிமேல் கவிழ்ந்து கிடந்தான். வெறுங்காலோடு. வலது கை தாங்கியோடு ஒட்டியிருந்தது. தாங்கி கட்டியோடு ஒட்டியிருந்தது. கட்டியை ரெண்டு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. நாங்கள் செய்த சாமான் அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. இரும்பு சுடும் என்று எங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதைத்தான் பார்த்திருக்கிறோம். குளிர்ந்த இரும்பு ஈரக் கையைப் பிடித்தால் விடாது என்று யாருக்குத் தெரியும்?

“வலிக்கருது, வலிக்கருது! வெள்ளம் கொண்டு வராம்” என்று மலையாளி கத்திக்கொண்டே ஓடினார். கையை இழுக்காதே என்கிறார், தண்ணீர் கொண்டுவந்து ஊற்றப் போகிறார், எனக்குப் புரிந்தது. புரிந்தும் பொறுக்கலே. எதையாவது செஞ்சு இதை முடிக்கணும், சார் முகத்தைப் பார்க்க முடியலே — “இழுடா” என்றேன்.

மக்தூம் என்னைப் பார்த்தான். நான் சொன்னால் கேட்பவன்.

இழுத்தான்.

கம்பியில் மிச்சம் இருந்ததைப் பற்றி எழுத மாட்டேன். அவன் கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

12.7.97, சனி

ஆஸ்பத்திரி. தோல் போனது மட்டும் இல்லையாம். அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில் விரல்கள் உள்ளேயே உறைந்துவிட்டன என்கிறார் டாக்டர். இரண்டு விரல் கறுத்துக்கொண்டு வருகிறது. ஷார்ஜாவில், ஜூலை மாதத்தில், குளிரில் விரல் போன ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். கூட இருந்த டாக்டர்களையும் அழைத்துவந்து காட்டினார். மக்தூம் கையைக் கடையில் சாமான் காட்டுவதுபோலத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான்.

ரஹீமா வந்து அழுதாள். அழுது முடித்து என்னைக் கேட்டாள். “நீங்க எங்கே இருந்தீங்க?”

“வெளியே. சாரோட.”

பொய் இல்லை.

14.7.97, திங்கள்

சார் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். இந்த முறை தும்மல் வரவில்லை.

என்ன நடந்தது என்று அர்பாப் கேட்டு அனுப்பியிருக்கிறார். குளிர்கிடங்குக்குள் ஆள் அனுப்ப நமக்குப் பர்மிஷன் கிடையாது, டியூட்டியில் நடந்தது என்றால் போலீஸ், கேஸ். முதலில் போவது சாருடைய வேலை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். தண்ணீர் குடித்தார், எனக்கும் கொடுத்தார்.

“உங்க விசா பேப்பர் இதோ, என் மேஜைலயே இருக்கு பாய். நான் போயிட்டா இதை யார் பார்ப்பா? அவன் தானா உள்ள போய் விளையாடினான்னு சொல்லுங்கோ. அவ்வளவுதான். அவன் விளையாட்டுப் பையன்னு எல்லாருக்கும் தெரியும்.”

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்று சொன்னேனா? அதுவும் இல்லை.

15.7.97, செவ்வாய்

அஃப்னாவுக்கு ஸ்கூல் பை வாங்கிவந்திருக்கிறாள் ரஹீமா. விசா வரும் முன்னே எதுக்கு என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பையைப் பார்த்துக் கத்தினேன்.

16.7.97, புதன்

அர்பாப் வந்தார். ஆபீசில் சார், நான், கட்டுப்போட்ட கையோடு மக்தூம். அவனை ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கூட்டிவந்திருந்தார்கள்.

என்ன நடந்தது என்று அர்பாப் என்னைத்தான் கேட்டார். எனக்கு அரபி பேச வரும் என்று பட்டறை முழுக்கப் பீற்றிக்கொண்டவன் நான்தானே. சார் ஜன்னலைப் பார்த்தார். நான் சொன்னேன். வேலை முடிந்துவிட்டது, நாங்கள் வெளியே வந்துவிட்டோம், இவன் தானாகத் திரும்ப உள்ளே போய் விளையாடினான். சின்னச் சின்ன வாக்கியமாக வந்தது, தடங்கலே இல்லாமல். அரபியில் பொய் சொல்வது தமிழில் சொல்வதைவிடச் சுலபமாக இருக்கிறது. வேறு யாரோ பேசுவதுபோல.

அர்பாப் மக்தூமைப் பார்த்தார். உண்மையா?

அவன் என்னைப் பார்க்கவில்லை. எழுந்தான். ஐஸில் வழுக்குவதுபோல ஒரு காலை நீட்டி, பல்லைக் கடகடவென்று ஆட்டி, கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் நடுவில் ஒரு சுற்று சுற்றினான். இப்படித்தான் விளையாடினேன் அர்பாப் என்று தனக்குத் தெரிந்த அரபியில் சொன்னான்.

அர்பாப் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சாரும் சிரித்தார். நானும் —

பிறகு அர்பாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கலாஸ்” என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம். வைத்தியம் முடிந்ததும் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடுங்கள், பைத்தியக்காரனை வைத்துக்கொண்டு மிஷின் ஓட்ட முடியாது.

திரும்பும்போது வேனில் நானும் மக்தூமும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். சிக்னலில் நிற்கும்போது கேட்டான்.

“மச்சான், அன்னிக்கு வெளியே ரெண்டு பேரும் சிரிச்சீங்கதானே?”

இல்லை என்றேன்.

“சும்மா சொல்லுங்க. அவ்வளவு நல்லாவா பண்ணினேன்?”

சிக்னல் மாறி வேன் கிளம்பியது.

“லாத்தாவும் புள்ளையும் இங்கயே இருக்கட்டும். அதுக்காகத்தான் ஆடினேன். உங்களுக்காக இல்லே” என்றான்.

17.7.97, வியாழன்

அவனே ரஹீமாவிடம் சொல்லிவிட்டான், விளையாடப் போய் மாட்டிக்கொண்டேன் லாத்தா என்று. ஆஸ்பத்திரி வார்டிலேயே அவன் தோளில் அடித்தாள். நர்ஸ் வந்து பிடித்தாள். “இவரு மானத்தையும் சேத்து வாங்கிட்டியேடா” என்றாள். இவரு என்றது என்னை.

22.7.97, செவ்வாய்

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது இருக்கிறது, மடங்காது.

26.7.97, சனி

கனடாக்காரர் சாம்பிளைப் பார்க்க நேரே வந்தார். பெரிய உருவம், சிவந்த கழுத்து, கெட்ட ஆள் இல்லை. பிடியில் சுற்றியிருந்த கறுப்பு ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, இது யாருடைய யோசனை, ரொம்ப நல்ல யோசனை, வெறும் இரும்பை யாரும் தொட முடியாது என்றார்.

ரப்பர் போடச் சொன்னது சார்தான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள். ஆனால் அவர் கையை என் பக்கம் நீட்டினார். “அவர் சூப்பர்வைசர். மீனவர் பரம்பரை.”

கனடாக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்து விரலோடு குலுக்கினேன்.

சாம்பிள் பாஸ்.

8.8.97, வெள்ளி

மக்தூமை ஏர்போர்ட்டில் விட்டோம். பெட்டியை இடது கையால் தூக்கினான். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. அஃப்னா அழுதாள். அவளுக்காக ஒரு முறை அர்பாப் மாதிரி நடந்து காட்டிவிட்டு உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

ரஹீமா டாக்சியில், “கல்யாணம் ஆனா பொறுப்பு வந்துடும்” என்றாள். ஆமாம் என்றேன்.

16.8.97, சனி

விசா வந்துவிட்டது. தொழில்: சூப்பர்வைசர். அல்ஹம்துலில்லாஹ். ரஹீமா பாஸ்போர்ட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் தனியாக இருந்தது போதும் என்று மட்டும் சொன்னாள்.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். முதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும், “இனிமே என் குறட்டைக்கும் விசா கிடைச்சாச்சு” என்றேன். அஃப்னா சிரித்தாள். அவள் சிரித்துவிட்டால் எனக்கு எல்லாம் முடிந்த மாதிரி.

6.9.97, சனி

அஃப்னா ஸ்கூலுக்குப் போனாள். கன்டெய்னரும் போனது. நாள் முழுக்கத் தாங்கிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினார்கள். மேல் வளைவை இப்போது ஒரு பஞ்சாபி வளைக்கிறான். சுமாராக வருகிறது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

17.10.97, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு ஊருக்குப் போன் பேசினோம். ரோட்டோர பூத்தில் ரஹீமாதான் முதலில் பேசினாள். மக்தூமுக்குப் பேசிய பெண் வீட்டார் விலகிவிட்டார்களாம். கை விளங்காத மாப்பிள்ளை வேண்டாம், அதுவும் வேலை நேரத்தில் விளையாடிக் கையைத் தொலைத்தவன் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

ரஹீமா அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். “உன் விளையாட்டுப் புத்திக்கு நீயே தேடிக்கிட்ட கூலிடா இது. ஒழுங்கா ஒரு பொழப்பு உண்டா உனக்கு? இவரு மட்டும் அர்பாப்கிட்ட பேசலேன்னா நாங்களும் உன்கூட மூட்டையைக் கட்டியிருக்கணும்.” பூத்துக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவன் அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, இவள் இன்னும் கத்தினாள். பிறகு ரிசீவரை என் கையில் திணித்தாள். “உங்ககிட்ட பேசணுமாம்.”

ரிசீவரைக் காதில் வைத்தேன்.

“மச்சான், பக்கத்துல நிக்கிறாளா?”

“ம்.”

“பொண்ணு வீட்ல ஒரு வார்த்தை சொல்லுங்க, அது வேலையில நடந்ததுன்னு. அவ்வளவு போதும்னு கேக்கணும்னு நெனச்சேன். அவ இப்ப கத்தினதக் கேட்டதும் வேணாம்னு தோணுது. உண்மை தெரிஞ்சா உங்ககூட இருக்க மாட்டா. புள்ளை படிக்குது. எங்கே போவா? நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க.”

“சரி” என்றேன். அவ்வளவு சீக்கிரமாக நான் எதற்கும் சரி சொன்னதில்லை. என்ன சாதிக், அவ்வளவு அவசரம்?

வீட்டுக்கு வந்ததும் ரஹீமா முகம் கழுவிவிட்டுச் சோறு போட்டாள். ஆட்டுக்கறி. “அவனால உங்களுக்கு எவ்வளவு தலைகுனிவு. ஒரு நாள்கூட நீங்க அவனை ஒரு வார்த்தை சொல்லலே” என்றாள். நல்ல துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். அஃப்னா ஸ்கூலில் நடந்த ஏதோ ஒன்றை இங்கிலீஷும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மறுசோறு வாங்கிக்கொண்டேன்.